சட்டம் அரிதாக்கிய ரிவால்வர்

பழைய ஆயுதம் சேகரிப்பவர்கள் ஒரு ரிவால்வரின் மதிப்பை மூன்று கேள்விகளால் அளக்கிறார்கள்: எவ்வளவு பழையது, எத்தனை மிஞ்சியிருக்கின்றன, ராணுவ முத்திரை உண்டா? மிஞ்சியவை சொற்பம் என்றால், காலம் தின்றுவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். தமிழகத்தையும் புதுச்சேரியையும் பொறுத்தவரை இந்த விளக்கம் போதாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த கேப்பு ரிவால்வர் இங்கே அரிதானதற்குத் துருவும் வயதும் சிறு காரணங்கள்தான். யார் ஆயுதம் வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கக் கூடாது என்று வகுத்த சட்டமே பெரிய காரணம். இதை யோசித்துப் பார்க்கப் புதுச்சேரியின் கதிர்காமம் பொருத்தமான இடம். இவ்வழியே மேற்கே போகும் வழுதாவூர் சாலை பிரெஞ்சு மண்ணில் தொடங்கி, ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டில் இருந்த வழுதாவூரை எட்டியது. ஒரே சாலையில் இரண்டு அரசுகள், இரண்டு சட்டங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 1851இல் லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் காப்புரிமை பெற்ற ரிவால்வரை, ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த பியூமண்ட் 1856இல் மேம்படுத்தினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் இந்த பியூமண்ட்-ஆடம்ஸ் ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. எட்டுப் பட்டைக் குழல். சட்டகமும் குழலும் ஒரே இரும்பில் அடித்தவை. சுழலும் உருளையில் ஐந்து அறைகள். ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக மருந்தைப் போட்டு, ஈயக் குண்டை வைத்து, பக்கவாட்டு நெம்புகோலால் இறுக்க வேண்டும். பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து காம்புகளிலும் செப்புக் கேப்புகளைச் செருக வேண்டும். குதிரை விழுந்து கேப்பைத் தட்டினால் அதிலுள்ள ரசாயனம் பற்றி, மருந்துக்குத் தீ போகும். ஐந்து குண்டுகளை நொடிகளில் சுட்டுவிடலாம்; மறுபடி நிரப்பத்தான் நிமிடங்கள் ஆகும். உலோகத் தோட்டா வந்ததும் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1868இல் இதே ரிவால்வர்களைத் தோட்டா போடும்படி மாற்றும் முறையைப் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது. ஆக, படையில் இதன் முழு ஆட்சி 12 ஆண்டுகள்தான். மாற்றப்படாமல், ராணுவத் துறையின் அம்புக்குறி முத்திரையோடு கிடைக்கும் ஒன்றைச் சேகரிப்பவர்கள் தேடி அலைவது இதனால்தான்.

அந்த 12 ஆண்டுகளுக்கு நடுவே வந்தது 1857. அந்த ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சியின்போது ஆயுத இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை ஆகியவற்றைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. 1860இல் இன்னொன்று. 1878இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் வந்த இந்திய ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விதிவிலக்கு அளித்தது. இதே காலத்தில் பழைய ஆயுதக் கிடங்குகளும் கலைக்கப்பட்டன. 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்தது. அரண்மனை ஆயுதசாலையில் குவிந்து கிடந்தவற்றில் பெரும்பகுதி 1863இல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோனது. தேர்ந்தெடுத்த சில மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. ஆயுதங்கள் இந்த மண்ணில் எப்படி மறைந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கேப்பு ரிவால்வர் வழக்கொழிந்த பொருள்; உலகெங்கும் தூக்கிப் போட்டார்கள், இங்கும் போட்டார்கள்; சட்டத்தை ஏன் இழுக்க வேண்டும்? இதற்கு நம் கிராமங்களே பதில் சொல்கின்றன. கேப்பு போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி, குழல் வழியே மருந்தும் ரவையும் கெட்டிக்கும் அதே பழைய முறையில், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க 20ஆம் நூற்றாண்டிலும் உரிமத்தோடு புழங்கியது. பழசானதால் மட்டுமே பொருள் மறையும் என்றால் அதுவும் ரிவால்வரோடு சேர்ந்து போயிருக்க வேண்டும். உழவன் கையில் நீளத் துப்பாக்கி இருப்பதை அரசு பொறுத்துக்கொண்டது. இடுப்பில் மறைக்கக்கூடிய, ஐந்து முறை சுடும் ஆயுதத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை. குடகு இன்னொரு சான்று. குடகர்களுக்கு 1861இல் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. அங்கே வீட்டுத் துப்பாக்கி தலைமுறை சொத்தாக நின்றது. கைல்பொல்து திருவிழாவில் இன்றும் அதற்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். சட்டம் விட்டுவைத்த இடத்தில் ஆயுதம் மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. இந்த ரிவால்வர்கள் பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகளின் சொந்தப் பொருள்கள். வேலை முடிந்ததும் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இது உண்மைதான். ஆனால் இந்த உண்மை என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகிறது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குக் குழலுக்குள் மரை வெட்டாத, குறி தவறும் துப்பாக்கிகளை அரசு வேண்டுமென்றே கொடுத்தது. நல்ல ஆயுதம் வெள்ளை அதிகாரியிடம், தரம் குறைந்தது சிப்பாயிடம் என்பது படைக்குள் இருந்த ஏற்பாடு. அதையே ஊருக்கும் விரித்தது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

அப்படியானால் அந்தச் சட்டம் எட்டாத புதுச்சேரியில் இவை நிறையக் கிடைக்க வேண்டுமே என்று கேட்கலாம். இங்கே வேறொரு கட்டு இருந்தது. 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, இந்தியாவில் பிரான்ஸ் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவே படை வைக்கலாம் என்று விதித்தது. படை சிறிதென்றால் படைக்கலமும் சிறிதே. அதோடு பிரெஞ்சுக் கடற்படை 1858இலேயே உலோகத் தோட்டா போடும் லெஃபோஷோ ரிவால்வரை ஏற்றுக்கொண்டு, கேப்பு ரிவால்வரைத் தாண்டிப் போய்விட்டது. எல்லையின் வேறுபாடு பின்னாளில் வேறு விதமாகத் தெரிந்தது. 1910இல் புதுச்சேரிக்கு வந்த புரட்சியாளர் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர் என்று அறியப்படும் வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். ஆயுதம் களையப்பட்ட நாட்டில், போராட எழுந்தவர்கள் கடல் கடந்து வந்த புது ஆயுதத்தையும் எல்லைக்கு அப்பாலிருந்த இன்னோர் அரசின் மண்ணையும் நம்ப வேண்டியிருந்தது.

இன்றைய ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டினுடையது. அதன் 45ஆம் பிரிவு, பழைய மாதிரி அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதம் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு தருகிறது. பொதுப் பாதுகாப்புக்கு இந்தக் கண்டிப்பு தேவை. அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் உரிமம் முடிந்தும் வாரிசு இல்லாமலும் அரசிடம் வந்து சேரும் பழைய துப்பாக்கி எதையும், அழிக்கும் முன் அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும். முத்திரை, எண், எந்தக் குடும்பத்தில் எந்த ஊரில் இருந்தது என்பதைப் பதிந்து, அரியவற்றைச் செயலிழக்கச் செய்து அரசுச் சேகரிப்பில் வைக்க வேண்டும். 1863இல் தஞ்சையில் நடந்தது அந்நிய ஆட்சியின் வேலை. அதையே இன்று நாம் செய்தால் பழி நம்முடையது. ஒரு கேப்பு ரிவால்வரின் சந்தை விலையைச் சேகரிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது யார் கையில் இருந்தது, யார் கைக்கு மறுக்கப்பட்டது என்ற கணக்கை வைத்திருப்பது பொதுச் சமூகத்தின் கடமை.