நல்லவாடு ஒலிபெருக்கி

பி.காம். வகுப்பில் எம்.ஐ.எஸ். பாடம் எடுக்கும்போது, உரிய தகவல் உரிய நேரத்தில் உரியவரிடம் சேர வேண்டும் என்பார்கள். உதாரணத்துக்குப் பெரிய கம்பெனிகளைத்தான் சொல்வார்கள். நம்ம புதுச்சேரியிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை மையம். அங்கே தகவல்களைத் திரட்டித் தமிழில் மாற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இன்று கடலுக்குப் போகலாமா, வேண்டாமா? மீனவருக்கு அதுதான் தினசரி நிர்வாக முடிவு. டீசல் செலவு, வலை, உயிர் எல்லாம் அதில் அடக்கம்.

2004 டிசம்பர் 26. நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் சுனாமிச் செய்தி பார்த்து ஊருக்குப் போன் செய்தார். உடனே தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. படகுகள் போயின, வீடுகள் இடிந்தன... ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

கவனித்தீர்களா? அன்று தகவலைத் தந்தது கம்ப்யூட்டர் இல்லை, ஒரு போன் கால். ஆனால் தினசரித் தேவைக்காக அமைத்த அந்த ஒலிபெருக்கியும், அதன் பேச்சைக் கேட்டு நடக்கும் பழக்கமும் ஊரில் ஏற்கெனவே இருந்தன. தகவலைச் சேகரிப்பது பாதி வேலைதான். அது கடைசி வீடு வரை கேட்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இந்தக் கதையையும் சேர்க்கலாமே!