பதுளை கண்ட பயணிகளும் எழுதப்படாத பயணங்களும்

நகரொன்றின் வரலாற்றை ஆராய முனைவோர்க்குப் பயணிகளின் குறிப்புகள் சிறந்த சான்றுகளாக அமைகின்றன. உள்ளூரார்க்குப் பழகிப்போனவை புதியவர் கண்ணுக்கு உடனே புலப்படும். ஆயினும், பயணி எப்பதவியில், எந்நோக்குடன் வந்தாரோ அதற்கேற்பவே அவர் கண்டவையும் காணாதவையும் அமைந்தன என்பது மறக்கற்பாலதன்று. ஊவாவின் தலைநகராகிய பதுளை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நமுனுகுல மலையை அடுத்துப் பதுளு ஓயாவின் கரையில் அமைந்த இவ்வூர், முதியங்கணை விகாரையால் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. 1815இல் கண்டியரசு வீழ்ந்தபின், 1817-1818இல் ஊவாவில் பெருங்கிளர்ச்சி மூண்டது. அது கொடுமையாக அடக்கப்பட்டதை அடுத்து, 1819இல் இப்பகுதியினூடாகப் பயணஞ் செய்தவர் ஆங்கிலப் படை மருத்துவர் ஜோன் டேவி. போரினாலும் நோயினாலும் பஞ்சத்தினாலும் மடிந்த சுதேசிகள் ஏறத்தாழ 10,000 பேர் வரை இருக்கலாம் என 1821இல் வெளிவந்த அவரது நூல் மதிப்பிடுகின்றது. வென்றோர் பக்கத்திலிருந்து வந்தவராயினும் தோற்றோர் இழப்பை எண்ணிப் பார்த்தமை அந்நூலின் சிறப்பு எனலாம்.

பின்வந்தோர் எழுத்துகளில் ஊவா ஒரு வேட்டைக் காடாகவே தோற்றுகின்றது. பதுளையில் பதவி வகித்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது நூலிற் குறித்துள்ளார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட ரொஜர்சின் நினைவாகப் பதுளையில் தேவாலயமொன்றும் எழுந்தது.

இதனிடையே காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாக அறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. சிற்றூர் வணிக நகராய் விரிந்தது. 1890இல் இலங்கை வந்து தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனின் தேயிலை விளம்பரங்கள், கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவை உலகெங்கும் கொண்டு சென்றன. அவள் பெயரை அவை கூறவில்லை.

அப்பெண்ணின் முன்னோரும் பயணிகளே. வறட்சியாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நலிந்த தமிழக மக்கள் கங்காணிமார் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலே பலரைக் கொண்டன. பதுளையின் வளர்ச்சிக்கு அடித்தளமிட்ட இவர்கள் அதனை முதலிற் கண்டபோது எய்திய உணர்வுகளைப் பயண நூலாக எழுதி வைத்தாரல்லர். இவர்களைப் பற்றிப் பிறர் எழுதி வைத்ததோ பெரும்பாலும் கடன் கணக்கே. கடனைத் தீர்ப்பின் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை, தோட்டம் மாறிய தொழிலாளியோடு அவன் கடனும் உடன் சென்றது.

1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்த காந்தியடிகள் பதுளைக்கும் வந்தார். முன்னைய பயணிகள் தொழிலாளரைக் கடந்து சென்றனர். அடிகளோ அவர்களை முன்னிலைப்படுத்திப் பேசி, மதுவை விட்டொழிக்குமாறு தம் பயணத்தில் வேண்டினார்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஊவாத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியோருட் பலர் இம்மண்ணிற் பிறந்தவர்கள். தாயகம் எனப்பட்ட தமிழகத்தை அவர்கள் முதன்முறையாகக் கண்டது இராமேஸ்வரத்திற் கரையிறங்கிய அன்றே. இங்கே ‘இந்தியர்’ எனப்பட்டோர் அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். 1984இல் அக்கப்பற் சேவை நின்றது. இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

எனவே, ஊவாவின் வரலாற்றைப் பயண நூல்களை மட்டும் கொண்டு எழுதுதல் குறையுடைத்து. தோட்டப் பேரேடுகள், கோயிற் கல்வெட்டுகள், கல்லறைகள், நாட்டார் பாடல்கள் ஆகியவற்றோடு, கப்பலேறிய தலைமுறையினரின் வாய்மொழியும் சான்றாகக் கொள்ளற்பாலது. அவருள் இன்று எஞ்சியிருப்போர் முதியோர். 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுள்ளது. தோட்டப் பிள்ளைகள் இன்று பல பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். தம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கண்டவற்றை அவர்கள் வாழுங் காலத்திலேயே கேட்டு எழுதுதல் இம்மாணவர் தலைமுறையின் கடனாகும்.