காலண்டர் படம்: ஒரு வசைச்சொல்லின் சரித்திரம்

நம் சிறுபத்திரிகை விமர்சனத்தில் ‘காலண்டர் படம்’ என்பது வசைச்சொல். ஒரு கவிதை இனிப்பாக இருந்தால், வர்ணனை வழவழவென்று இருந்தால், உணர்ச்சி சுலபமாகக் கிடைத்துவிட்டால், ‘காலண்டர் படம்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். மேற்கொண்டு விளக்கம் கேட்பார் இல்லை. ‘மிட்டாய்’ என்ற சொல்லும் இதே காரியத்துக்குப் பயன்படுகிறது. இரண்டையும் நான் உபயோகித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது, ‘பேக்கரிச் சுவரில் தொங்கும் காலண்டர் படம்’ என்று எழுதினேன். இரண்டு வசைகளை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்ட திருப்தி அன்று எனக்கு இருந்தது. பத்து நாள் கழித்து அந்தக் கவிஞரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. கோபம் இல்லை. ஒரே கேள்விதான்: ‘நீங்கள் சொல்லும் காலண்டர் படத்தை வரைந்தவர் பெயர் என்ன?’

எனக்குத் தெரியவில்லை. பிக்காஸோவின் நீல நிறக் காலம் 1901இல் ஆரம்பித்து 1904இல் முடிந்தது என்று தெரியும். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கும் மீனாட்சி கல்யாணத்தை வரைந்தவர் யார் என்று தெரியாது.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு எதிரில் ஒரு பேக்கரி இருக்கிறது. நகைக்கடன் கூட்டம் ஓய்ந்த பிறகு நாலரை மணிக்கு அங்கே டீயும் தேங்காய் பன்னும் என் வழக்கம். கண்ணாடி அலமாரியில் ரோஸ் கிரீம் வைத்த கேக், ஜாம் தடவித் தேங்காய்த் துருவல் தூவிய தேன் கேக், மஞ்சளும் சிவப்புமாக ஜாங்கிரியும் லட்டும். அதற்கு மேலே, தேதித் தாள் எப்போதோ தீர்ந்துபோன ஒரு காலண்டர். அதே மீனாட்சி கல்யாணம். மதிப்புரை எழுதியபோது என் மனசில் இருந்த சுவர் இதுதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கார்டு வந்த அன்று சாயங்காலம்தான் அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்தேன். அதுவரை அதன் கீழே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

நடுவில் பச்சை மேனியாக மீனாட்சி, தலை லேசாகத் தாழ்ந்து. ஒரு பக்கம் சொக்கர், மறுபக்கம் தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாள். இந்த அமைப்பு காலண்டர்காரரின் கற்பனை இல்லை. கோயிலில் கம்பத்தடி மண்டபத் தூணில் இதே மூவரும் கல்லாக நிற்கிறார்கள். ஊஞ்சல் மண்டப விதானத்தில் ராணி மங்கம்மாள் காலத்து (1689–1706) ஓவியத்திலும் இதே கல்யாணம் உண்டு. அதில் மங்கம்மாளும் எழுதப்பட்டிருக்கிறாள். செலவு செய்தவள் கல்யாணத்தைப் பார்க்கும் உரிமையைப் படத்துக்குள்ளேயே வாங்கிக்கொண்டாள். காலண்டரில் அவள் இடம் காலி. கட்டத்துக்கு வெளியே, கீழே, ஒரு பலசரக்குக் கடையின் பெயரும் போன் நம்பரும் அச்சாகியிருக்கின்றன. காசு கொடுத்தவர் படத்துக்குள்ளிருந்து படத்துக்கு வெளியே நகர்ந்துவிட்டார். கலைச் சரித்திரத்தில் இது சின்ன நகர்வு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கையெழுத்து இருந்தது: சி. கொண்டையராஜு.

1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் வேலை. 1940களின் ஆரம்பத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. மூட்டை கட்டி ஊர் திரும்பாமல் அவர் அங்கேயே தங்கினார். மேடை போய்விட்டது, தூரிகை இருந்தது. ஸ்டூடியோ வைத்தார். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன் என்று சிஷ்யர்கள் சேர்ந்தார்கள். 1976இல் அவர் காலமானபோது தென்னாட்டில் அவர் கையோ, அவர் சிஷ்யர்களின் கையோ படாத பூஜை அலமாரி அபூர்வம். அவரைப் பற்றி ஆராய்ந்து விரிவாக எழுதியவர் ஸ்டீஃபன் இங்லிஸ் என்ற கனடாக்காரர். சிவகாசிக் காலண்டர்களைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் 2007இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகமே கொண்டுவந்தார். நாம் வசை கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கம்பெனி ஏன் கலைந்தது என்பது தனிமனிதக் கதை இல்லை. மதுரை இந்தக் கதைக்குள் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஏற்படுத்தியது இங்கேதான். பாய்ஸ் கம்பெனிகளின் பெரிய முதலீடு பையன்களின் குரல். அதற்கு அடுத்தது படுதா. அரண்மனை, நந்தவனம், வனம், தெரு என்று காட்சிக்கு ஒன்று. 1931இல் தமிழ் பேசும் படம் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நடிகர்களும் பாட்டுக்காரர்களும் சினிமாவுக்குப் போன கதையை எல்லோரும் எழுதியாயிற்று. படுதா எழுதியவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கோவில்பட்டி.

இது தெரிந்த பிறகு படம் வேறாகிவிடுகிறது. பின்னால் ஏரி, மலை, தூரத்துக் கோபுரம், தூண் வைத்த மண்டபம் எல்லாம் படுதா. முன்னால் தெய்வம் சபையை நேராகப் பார்த்து நிற்கிறது. நாடகத்தில் ராஜபார்ட் தன் எதிரே நிற்பவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சபையைப் பார்த்துப் பாடுவார். கோயிலில் மூலவரும் நேர்முகம்தான். இரண்டும் சேர்ந்த பார்வை இது. ‘ரவி வர்மாவின் நகல்’ என்று இதைத் தள்ளுகிறவர்களும் உண்டு. ரவி வர்மா 1894இல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் வைத்து வெளியிட்ட தெய்வங்களுக்கு எண்ணெய் ஓவியத்தின் எடை இருக்கிறது, சதை இருக்கிறது, நிழல் விழுகிறது. கொண்டையராஜுவிடம் எலும்பு தெரியாது, நிழல் கனக்காது, வெளிச்சம் மேடை வெளிச்சம் மாதிரி எதிரிலிருந்து வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் நகல் என்று சொல்லமாட்டார்.

மதுரையிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் கோவில்பட்டி. ரயிலில் திருமங்கலம் தாண்டியதும் பூமி மெல்லக் கறுக்கிறது. விருதுநகர், சாத்தூர். சாத்தூருக்குச் சேவு, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் என்று ஊருக்கு ஒரு தின்பண்டம். மேற்கே கொஞ்சம் விலகி சிவகாசி. இந்தக் கரிசல் வெளியில் மழை குறைவு. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு அடுத்த வருஷம் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சகம் வந்துவிட்டால் அதற்கு வருஷம் முழுக்க வேலை வேண்டும். காலண்டர் வந்தது. எல்லாவற்றுக்கும் மூலதனம் வறட்சி: குச்சி காய வேண்டும், மை காய வேண்டும், காகிதம் ஈரத்தில் விரியக் கூடாது. கல்லச்சுக் காலத்தில் வண்ணத்துக்கு ஒரு கல். கோவில்பட்டியில் எழுதிய படத்தைச் சிவகாசியில் வேறு கைகள் வண்ணம் வண்ணமாகப் பிரித்துக் கல்லில் ஏற்றின.

கடலைமிட்டாயும் இதே வறட்சியின் பிள்ளை. நிலக்கடலை மானாவாரிப் பயிர். பனங்கருப்பட்டியில் செய்துவந்ததை வெல்லப் பாகுக்கு மாற்றியவர் கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் என்பார்கள். காலம் அதே 1940கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுத்துத் தோல் நீக்கிய கடலை, தண்ணீரில் விட்டால் உடையும் பதத்துக்கு வந்த பாகு, பலகையில் கொட்டி ஆறுவதற்குள் தேய்த்து வெட்டும் வேகம். சாயம் கிடையாது. சீக்கிரம் கெடாது. ரயிலில் எவ்வளவு தூரமும் போகும். காலண்டரும் அப்படித்தான், தேதி தீர்ந்தாலும் படம் கெடாது, சட்டம் போட்டால் மூன்று தலைமுறை நிற்கும். இரண்டையும் செய்தவர்கள் அன்றாடத்துக்காகச் செய்தார்கள்.

ஒரு விஷயம் என்னை நிறுத்துகிறது. சிவகாசி அச்சகங்கள் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். ஆற்றுப் புதுவெள்ளத்தைக் கொண்டாடும் நாள், மழையில்லாத ஊரில் வியாபாரத்தின் நல்ல நாள். அந்த ஆல்பங்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர்: தாமரைக் குளம், அருவி, அன்னம் மிதக்கும் ஏரி. கரிசல்காட்டில் உட்கார்ந்து இவர்கள் தண்ணீரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதே காலத்தில், கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தார்கள். அவர்கள் அந்தப் பூமியை அதன் தாகத்தோடு எழுதினார்கள். ஒன்றை யதார்த்தம் என்று தலையில் வைத்துக்கொண்டோம். மற்றதைக் கொச்சை ரசனை என்று தள்ளினோம். எனக்கு இப்போது இவை ஒரே நிலத்தின் இரண்டு பதில்களாகப் படுகின்றன. இல்லாததை இல்லை என்று சொல்வது ஒன்று. இல்லாததைச் சுவரில் மாட்டிக்கொண்டு அதன் கீழே வேலை செய்வது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்ல நம் விமர்சனத்திடம் வார்த்தையே இல்லை.

இதை வைத்துக் காலண்டர் படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட நான் தயாரில்லை. அதன் வண்ணத்தைப் பேசும்போது அதே ஊர்த் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பேசாமல் விட முடியாது. விடிவதற்கு முன் பஸ்ஸில் ஏற்றப்பட்ட குழந்தைகள். 1986இல் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்றது. வழக்கு சிவகாசியிலிருந்து போனது. லேபிளின் ரோஜாப்பூவுக்கும் அந்தப் பெட்டியில் குச்சி அடுக்கிய விரலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. அழகை ஒப்புக்கொள்கிறவன் கணக்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இதே கணக்கை நாம் விதானத்து ஓவியத்திடம் கேட்பதில்லை என்பதையும் கவனிக்கலாம். மங்கம்மாள் கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அங்கே நின்று யாரும் யோசிப்பதில்லை. பழசானதும் வியாபாரம் கலையாகிவிடுகிறது.

நவீனத்துவம் நமக்குக் கற்றுக்கொடுத்தது ஒருவகைப் பார்வை. படத்தின் முன் போய் நிற்க வேண்டும். அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். அது நம்மைத் தொந்தரவு செய்ய வேண்டும். இந்தப் பார்வையை நான் விட்டுவிடப்போவதில்லை. ஆனால் நாள் முழுவதும் வேறு வேலையில் இருக்கிறவன் தலைக்கு மேலே 365 நாள் சலிக்காமல் இருக்க வேண்டிய படத்துக்கு வேறு ஒழுங்கு உண்டு. அது கத்தக் கூடாது. கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. டீ குடித்துவிட்டு நிமிரும்போது இருந்தால் போதும். பேக்கரிக்காரர் கேக்கின் மேல் ரோஸ் கிரீமைப் பூவாகப் பிழிவதும் இந்த ஒழுங்கில்தான். அவர் பூ என்பது யாருக்கும் வெளிப்பாடு இல்லை. பத்து ரூபாய்க்கு வாங்குகிறவனுக்கும் ஒரு பூ என்பதுதான். இதற்கும் கை வேண்டும், கணக்கு வேண்டும், ஒரு மரபு வேண்டும்.

அந்தத் தொகுப்பை மறுபடி படித்தேன். கவிதைகள் இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் காரணம் வேறு. அவை காலண்டர் படம் மாதிரி இருப்பதால் அல்ல. அந்த அளவுக்குக் கூட இருக்கத் தெரியாததால். ஒவ்வொரு வரியும் தன்னைப் பார்க்கச் சொல்லி என் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. இதை அன்றே எழுதியிருந்தால் விமர்சனமாக இருந்திருக்கும். எழுதியது வசை.

தபால் கார்டுக்குப் பதில் போட எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரே வரிதான் எழுதினேன்: ‘சி. கொண்டையராஜு, கோவில்பட்டி.’