மேல்கைச் சுற்றளவு நாடா

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தையின் இடது மேல்கையைச் சுற்றி அளந்து, தசையும் கொழுப்பும் கரைந்திருக்கின்றனவா என்று மதிப்பிட உதவும் நிறப்பட்டை. ஊசி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

திருப்பூரில் குழந்தையை அளப்பது என்றால் முதலில் நினைவுக்கு வருவது கட்டிங் மாஸ்டரின் இஞ்சு டேப்தான். ஐரோப்பிய ஆர்டருக்குப் போகும் குழந்தை பனியனில் 98, 104, 110 என்றிருப்பது சென்டிமீட்டரில் குழந்தையின் உயரம். ஆடைக்காகவே குழந்தைகளைப் பெருமளவில் அளந்ததும் உண்டு. அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 1,47,000 சிறுவர் சிறுமியரிடம் தலைக்கு 36 அளவுகள் எடுத்து 1941இல் வெளியிட்டது. அது சட்டைக்கான கணக்கு. உடம்பில் இருப்பது தசையா கொழுப்பா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை மேல்கைக்குக் கொண்டுவந்தது, உலக சுகாதார நிறுவனத்துக்காக டெரிக் ஜெல்லிஃப் 1966இல் எழுதிய கையேடு. கையின் பின்புறத் தோல்மடிப்பின் தடிமனை 3.14ஆல் பெருக்கிச் சுற்றளவிலிருந்து கழித்தால் தசைச் சுற்றளவு கிடைக்கும். மடிப்பைப் பிடிக்கும் காலிப்பர் சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம் அழுத்தம் தர வேண்டும். பிடிப்பவர் மாறினால் கணக்கும் மாறிவிடும். அதனால் களத்தில் நாடாவே நிலைத்தது. நைஜீரிய உள்நாட்டுப் போரில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தொண்டர்கள் அதை உயரக்கோலோடு சேர்த்துப் பயன்படுத்தினார்கள். பாக்தாதின் ஷாகிர், டேவிட் மோர்லியுடன் சேர்ந்து 1974இல் முன்வைத்த பட்டையில் எண்களே தேவைப்படவில்லை: சிவப்பு, மஞ்சள், பச்சை. இன்றைய கணக்கில் 11.5 செ.மீ.க்குக் கீழே கடும் மெலிவு, 12.5 வரை மிதமான மெலிவு.

ஒரே எல்லை எல்லா வயதுக்கும் எப்படிப் பொருந்தும்? ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் மழலைக் கொழுப்பு வற்ற வற்ற அந்த இடத்தைத் தசை பிடித்துக்கொள்கிறது. சுற்றளவு பெரிதாக மாறுவதில்லை. தராசுக்கு இந்த வசதி இல்லை. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, வளர்ச்சி தடுமாறியவர்களுக்கு மட்டும் சத்துணவு தந்தது. நல்ல முறைதான், ஆனால் வயது தெரிந்தாக வேண்டும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ் ஊரிலேயே தங்கிவிட்டாலும் நாடா வேலை செய்யும். நாடா இழுபடாததாக இருக்க வேண்டும் என்பதைப் பின்னலாடை ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாடாவுக்குத் தெரியாததும் உண்டு. புனேயில் பிறந்த சிசுக்கள் இங்கிலாந்துச் சிசுக்களைவிட எடையிலும் தசையிலும் மிகக் குறைந்திருந்தும், முதுகுத் தோல்மடிப்பில் அவ்வளவாகக் குறையவில்லை என்று ஆய்வாளர் யாஜ்னிக்கின் குழுவினர் 2003இல் காட்டினார்கள். மெலிந்த உடம்பிலும் கொழுப்பு மறைந்திருக்கும் என்பதால், நாடாவை மட்டும் நம்புவது போதாது.

சட்டைக் கணக்கிலோ இந்தியக் குழந்தைக்கு இன்னும் இடமில்லை: இந்திய உடலுக்கென ஆடை அளவு வகுக்க தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் மேற்கொண்ட இந்தியாசைஸ் கணக்கெடுப்பு 15 முதல் 65 வயது வரையானவர்களுக்கு மட்டுமே.