டாங்கியில் ஏறிய கேமரா

2003 மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்கா ஈராக் மீது போர் தொடுத்தபோது நம்மில் பலர் தொலைக்காட்சியை விட்டு நகரவே இல்லை. புழுதி பறக்கப் பாலைவனத்தில் விரையும் டாங்கிகளைப் பார்த்தோம். அதைப் படம் பிடித்த கேமரா எங்கே இருந்தது என்று கேட்டோமா?

அந்தப் படையோடுதான் இருந்தது. அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு 600க்கும் மேற்பட்ட செய்தியாளர்களைத் துருப்புகளுடன் அனுப்பியது. விதிமுறைகளுக்குக் கட்டுப்படுவதாக அவர்கள் கையெழுத்திட்டார்கள். வீரர்களோடு உண்டு, உறங்கி, அவர்கள் பாதுகாப்பில் உயிர் தப்புபவர், அவர்கள் கண்ணால்தான் போரைப் பார்ப்பார். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தமெல்லாம் குளிர்சாதன அறையில் இருந்த நிலையங்கள் மீதுதான்.

ஃபேர் என்னும் அமெரிக்க ஊடகக் கண்காணிப்பு அமைப்பு, முதல் மூன்று வாரங்களில் ஆறு மாலைச் செய்தி நிகழ்ச்சிகளில் தோன்றிய 1,617 பேரைக் கணக்கெடுத்தது. 63 விழுக்காட்டினர் அரசாங்கத்திலோ இராணுவத்திலோ பணியாற்றுவோர், அல்லது பணியாற்றியோர். பேசிய அமெரிக்கர்களில் போரை எதிர்த்தவர்கள் 3 விழுக்காடு. அப்போது அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் போரை எதிர்த்தார்! போர் எதிர்ப்பாளர் என்று அறிமுகம் செய்து ஒருவரைக்கூட அவர்கள் உட்கார வைத்துப் பேட்டி காணவில்லை. தெருவில் மைக்கை நீட்டி ஒரு வாக்கியம், அவ்வளவே. நிகழ்ச்சி நடத்துபவள் என்ற முறையில் சொல்கிறேன்: நாற்காலி கிடைத்தவர் பேசினால் அது கருத்து, தெருவில் நிற்பவர் பேசினால் வெறும் கூச்சல்.

நாற்காலியில் இருந்தவர்கள் யார்? ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகள். நடுநிலை ஆய்வாளர்கள் என்று நம்பிக் கேட்டோம். அவர்களில் பலருக்குத் தற்காப்பு அமைச்சே விளக்கக் குறிப்புகள் தந்ததையும், ஆயுத நிறுவனங்களோடு இருந்த தொடர்புகளையும் 2008-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஐந்து ஆண்டு கழித்து!

சரி, வீடிழந்த ஈராக்கியத் தாயின் குரல்? அதை அதிகம் கேட்க வைத்தவை அல் ஜசீரா போன்ற அரபு நிலையங்கள். அமெரிக்க அதிகாரிகள் அவற்றைச் சாடினார்கள். தன் பாக்தாத் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று அல் ஜசீரா தற்காப்பு அமைச்சுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தது. 2003 ஏப்ரல் 8-இல் அமெரிக்க விமானம் அங்கே தாக்கியது; தாரிக் அயூப் என்ற செய்தியாளர் மாண்டார். அதே நாளில், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டலை அமெரிக்க டாங்கி ஒன்று சுட்டதில் ஒளிப்பதிவாளர்கள் இருவர் இறந்தனர்.

மறுநாள் சதாம் ஹுசேனின் சிலை சாய்ந்ததை உலகமே நேரலையில் பார்த்தது. சிலை இருந்த ஃபிர்தௌஸ் சதுக்கம் அந்த ஹோட்டலுக்கு எதிரிலேயே இருக்கிறது.