புற்றுநோய் நிதி நடை

புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் திரட்டப் பொதுமக்கள் கூடி நடக்கும் நிகழ்வு. நடப்பவர் உறவினர், நண்பர், உடன் வேலை செய்வோர் ஆகியோரிடம் நன்கொடை கேட்டு வாங்குகிறார். அந்தத் தொகை மருத்துவமனைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போய்ச் சேர்கிறது. பதாகை பிடித்துச் செல்லும் விழிப்புணர்வுப் பேரணி வேறு, இது வேறு. பேரணி செய்தியைப் பரப்பும். நிதி நடை ஒரு நோயாளியின் கீமோதெரபி செலவைக் கட்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணும் வழக்கம் பரவலாக இருப்பதால் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

நிதி திரட்டும் நெடுநடைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று புற்றுநோய்க்காகவே நடந்தது. 1953-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் நகைச்சுவை நடிகர் ரமோன் ரிவேரோ சான் ஹுவானிலிருந்து போன்சே நகர் வரை சுமார் 80 மைல் நடந்தார். அந்தத் தீவின் புற்றுநோய் எதிர்ப்புச் சங்கத்துக்கு 85,000 டாலர் சேர்ந்தது.

உலகெங்கும் இந்த வழக்கத்தைக் கொண்டுசென்றவர் கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நாட்டைக் குறுக்காகக் கடக்க ஓடத் தொடங்கினார். கனடாவின் ஒவ்வொரு குடிமகனிடமும் ஒரு டாலர் என்பது அவர் கேட்டது. 143 நாள்களில் 5,373 கி.மீ. கடந்த நிலையில் நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து, செப்டம்பர் 1 அன்று தண்டர் பே அருகே நிறுத்தினார். 1981 ஜூன் 28 அன்று இறந்தபோது அவருக்கு 22 வயது. அவர் கேட்டபடி 2.4 கோடி டாலர் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரில் நடந்த முதல் ஓட்டத்தில் சுமார் 3 லட்சம் பேர் பங்கேற்றனர். போட்டியில்லை, பரிசில்லை, ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். உடல் தளர்ந்தவரையும் வெளியே நிறுத்தாத இந்த விதியே ஓட்டத்தை எல்லோருக்குமான நடையாக மாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது. மும்பையிலும், சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் இந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1983-இல் டாலஸ் நகரில் மார்பகப் புற்றுநோய்க்கான ஓட்டம் தொடங்கியது. 1985-இல் டகோமாவில் அறுவை மருத்துவர் கார்டன் கிளாட் ஒரு மைதானத்தை 24 மணி நேரம் சுற்றிவந்து 27,000 டாலர் திரட்டினார்.

மும்பையில் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் நடைகளுக்கு முன்பே இருந்தது. மெஹர்பாய் டாட்டா 1931-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டில் கணவர் தோராப்ஜியும் மறைந்தார். அவர்கள் குடும்ப அறக்கட்டளையின் பணத்தில் எழுந்த டாட்டா நினைவு மருத்துவமனை பரேலில் 1941 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்டது. 1951-இல் மருத்துவர் ஜுஸ்ஸாவாலாவும் நவல் டாட்டாவும் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தை நிறுவினர். நோயாளிகளுக்கு உதவும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் 1969-இல் தோன்றியது.

2004 பிப்ரவரியில் மும்பை மாரத்தான் தொடங்கியதும் இந்த அமைப்புகளுக்கு ஒரு சாலை கிடைத்தது. அதில் சுமார் 6 கி.மீ. நீளும் ‘டிரீம் ரன்’ பெயருக்குத்தான் ஓட்டம், பெரும்பாலோர் நடக்கிறார்கள். தொண்டு நிறுவனங்கள் யுனைடெட் வே மும்பை என்ற அமைப்பின் வழியாகப் பதிவு செய்து, தங்கள் ஆதரவாளர்களைக் கொண்டு நன்கொடை திரட்டுகின்றன. 2012-இல் பெண்களுக்கென மும்பையில் தொடங்கிய பிங்கத்தான் ஓட்டம் மார்பகப் புற்றுநோய் பற்றிய பேச்சைப் பூங்காக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் கொண்டுவந்தது. தாய்மார்களும் மகள்களும் கூச்சமின்றி அதைப் பேசத் தொடங்கியது சிறிய காரியமல்ல.

இந்த வரலாற்றில் மும்பையை அடுத்த கல்யாண் ரயில் சந்திப்புக்கு இருவகைத் தொடர்பு உண்டு. நாசிக் வழியாக வடக்கிலிருந்தும், புனே வழியாகத் தெற்கிலிருந்தும் வரும் தடங்கள் இங்கே சேர்கின்றன. பரேலுக்குச் சிகிச்சை தேடி வரும் தமிழ்க் குடும்பங்கள் பல இந்தச் சந்திப்பைக் கடந்தே போகின்றன. லோக்கல் எனப்படும் புறநகர் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலை போன்ற இடங்களில் இடம் கிடைக்காதவர்கள் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளிலேயே தங்குகிறார்கள். ஆகவே திரட்டும் பணத்தில் மருந்தோடு தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ரயில் கட்டணத்துக்கும் பங்கு ஒதுக்குவதே நியாயம். ஊர் தாண்டி வருபவருக்கு மருத்துவமனைக்கு வெளியேயும் செலவு உண்டு.

மற்றொன்று, நடக்கப் போகிறவர்கள் தொடர்பானது. பெருந்தொற்றால் 2021, 2022-இல் நடக்காத மாரத்தான் 2023 ஜனவரி 15 அன்று சாலைக்குத் திரும்பியது. மாரத்தான் தொடங்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் விடிவதற்கு முன் இருக்க வேண்டிய புறநகர்வாசிகளுக்காக மத்திய ரயில்வே அண்மை ஆண்டுகளில் மாரத்தான் நாளன்று அதிகாலை 3 மணியளவில் கல்யாணிலிருந்து சிறப்பு லோக்கல் இயக்குகிறது.