மரக்கலக் காப்பில் பயினும் எண்ணெயும்

கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், இந்தியக் கடலில் இயங்கிய கலங்களைப் பற்றிச் சில வரிகளே எழுதியுள்ளார். அக்கலங்களுக்குக் கீல் பூசுவதில்லை; வேறெந்தப் பூச்சும் இடுவதில்லை; பலகைகளை இரும்பாணி கொண்டு அறையாமல் கயிற்றால் பிணைக்கின்றனர் என்பன அவர் தரும் செய்திகள். கடலிலுள்ள காந்தப் பாறைகள் ஆணிகளை ஈர்த்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என வழங்கிய கதையை அவர் ஏற்கவில்லை. இந்தியரிடம் இரும்பு இல்லை என்பதே அவர் காட்டும் காரணம். இது பொருந்தாது. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முற்பட்ட பெரிப்ளூஸ் நூல், இந்திய இரும்பும் எஃகும் ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றதைக் குறிப்பிடுகின்றது. கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டுள்ளன. காந்தப் பாறைக் கதையோ புரோகோப்பியஸ் மறுத்த பின்னும் மறையவில்லை. போச மன்னன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்னும் வடமொழி நூல் அதனையே காரணமாகக் காட்டிக் கலத்தின் அடிப்பகுதியில் இரும்பை விலக்குகின்றது.

இரும்பு பற்றிய கூற்றை மறுப்பது எளிது. பூச்சு பற்றிய கூற்று அவ்வாறன்று. மத்தியதரைக் கடலின் கண்கொண்டு நோக்கியவருக்குக் கீல் பூசாத கலம் காப்பற்ற கலமாகவே தோன்றியிருத்தல் வேண்டும். ஆனால் கீல் பூசாமை வேறு. எதுவும் பூசாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதனால் இக்கடலின் மரக்காப்புத் தொழில் ஒரு குறைபாடாக வரலாற்றில் பதிவாயிற்று. இத்தொழில் வெப்பக் கடலின் இயல்பை அறிந்து அமைந்தது என்பதற்குப் பிறநாட்டார் குறிப்புகளிலும் தமிழ்ச் சொற்களிலும் சான்றுகள் உள்ளன.

மரக்கலத்தின் நீருக்குள் அமைந்த பகுதி எப்போதும் ஊறிய நிலையில் இருப்பதால் பலகைகள் உப்பி ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். அங்குள்ள பகை கப்பற்புழு. மேல்தளத்தின் நிலை வேறு. பகல் வெயிலில் பலகை காய்ந்து அகலவாக்கில் சுருங்கும். இரவுப் பனியிலும் பருவமழையிலும் மீண்டும் விரியும். இவ்வசைவு நாள்தோறும் நிகழ்வதால் பலகைகளின் இணைப்பே முதலில் வாய் திறக்கின்றது. இறுகிய பூச்சு இவ்வசைவைத் தாங்காது வெடிக்கும். வெடிப்பின் வழி இறங்கிய மழைநீர் பூச்சின் அடியில் தங்கி மரத்தை மக்கச் செய்யும். உப்புநீரைக் காட்டிலும் மழைநீரே மரத்துக்குக் கேடு என்பதை மாலுமிகள் நன்கு அறிந்திருந்தனர். காலைதோறும் தளத்தைக் கடல்நீரால் கழுவியதும், வெப்பக் கடலில் தளத்தின்மேல் துணிப்பந்தல் விரித்ததும் தூய்மைக்காகவோ நிழலுக்காகவோ மட்டும் செய்யப்பட்டவை அல்ல; பலகை காய்ந்து வாய் பிளவாதிருக்கச் செய்யப்பட்டவையும் ஆகும். வடநாட்டு ஊசியிலை மரங்களிலிருந்து வடித்த கீல் குளிர்கடலுக்கு ஏற்றது. நண்பகல் வெயிலில் அது இளகிக் காலில் ஒட்டும். இணைப்பை விட்டு வழியும்.

வெப்பக் கடலோர மக்கள் இதற்குக் கண்ட தீர்வை மிகத் தெளிவாக எழுதியவர் ஸ்பெயின் நாட்டிலிருந்து மக்காவுக்குப் பயணம் மேற்கொண்ட இப்னு ஜுபைர். கி.பி. 1183-இல் செங்கடலின் ஐதாப் துறையில் அவர் கண்ட கலங்கள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அவற்றுக்கு நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றைப் பூசினர் என்றும், அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் அவர் எழுதுகின்றார். பூசுவதன் நோக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. பவளப் பாறைகள் மலிந்த அக்கடலில் மோதினாலும் முறியாதவாறு மரத்தை நெகிழ்வுடையதாக வைத்திருப்பதே நோக்கம் என்கின்றார். நீரை விலக்குதல் ஒன்றே பூச்சின் பயன் என்ற எண்ணத்தை இக்குறிப்பு மாற்றிவிடுகின்றது. மரத்தோடு சேர்ந்து அசையும் பூச்சே அங்கு வேண்டப்பட்டது. சுறா எண்ணெய்க்குத் தரப்பட்ட முதலிடமும் எண்ணத்தக்கது. மீனெண்ணெய்கள் பலவும் காற்றுப்பட மெல்லப் படலமாக உறையும் தன்மையன. நெய்யும் ஆமணக்கெண்ணெயும் அவ்வாறு உறைவதில்லை.

பாரசீக வளைகுடாவின் சீராஃப் நகரத்தவரான அபூ ஸைத், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிங்கிலக் கொழுப்பை உருக்கிப் பிற பொருள்களோடு கலந்து கலங்களின் இணைப்புகளில் பூசியதைப் பதிவு செய்துள்ளார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ஹார்முஸ் கலங்களைப் பழித்தே எழுதினார். கீலுக்கு மாறாக மீனெண்ணெய் பூசப்பட்டது என்ற செய்தி அப்பழிப்பின் ஊடே கிடைக்கின்றது. அக்கலங்களுக்கு மேல்தளமே இல்லை என்பதும் அவர் கூற்று. சரக்கின்மேல் தோலை விரித்து, அதன்மேல் இந்தியாவுக்கு விற்பனைக்குச் செல்லும் குதிரைகளை ஏற்றினராம். காய்ந்து பிளக்கும் பலகைத் தளத்தைக் காட்டிலும் தோல் விரிப்பு சரக்கைக் காக்கப் போதுமானதாக இருந்தது போலும். சீனக் கலங்களைப் பற்றி எழுதும்போது போலோ இகழவில்லை. சுண்ணாம்பையும் நறுக்கிய சணல் நாரையும் ஒருவகை மர எண்ணெயில் இட்டு இடித்துக் குழைத்த கலவை, கீலினும் நன்று என்றே பாராட்டுகின்றார்.

இவையெல்லாம் பிறர் கண்டெழுதியவை. தமிழ்ச் சான்று அளவில் சிறிது. ஆயினும் தொழிலின் உள்ளிருந்து பேசுவது. பரிபாடலின் பத்தாம் பாடல் வையையைப் பற்றியது. அதில் வரும் ஓர் உவமை, பாயும் கயிறும் பிணைப்பும் நிலைகுலையச் சிதையும் கலத்தைத் திசையறிந்த நீகான் பயினால் திருத்துவதைக் காட்டுகின்றது. பரிபாடலின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள. இங்குக் கருதவேண்டியது உவமையின் தொழில்நுட்பமே. பயின் என்பதற்குப் பிசின், பசை எனப் பொருள் கூறுவது மரபு. கிழிந்த பாயையும் அறுந்த கயிற்றையும் பிசினால் செம்மை செய்ய இயலாது. பயின் செல்லுமிடம் பலகையின் பிணைப்பே ஆதல் வேண்டும். ஆகவே இதனை ஒட்டும் பசை என்பதைவிட இணைப்பை அடைக்கும் பொருள் என்று கொள்வதே இடத்துக்குப் பொருந்தும். திருத்துபவன் தச்சன் அல்லன், நீகான் என்பதும் கவனத்துக்குரியது. கரையில் அல்லாமல் கடலிலேயே இப்பணி நடைபெறுகின்றது. அவ்வாறாயின் பயின் கலத்திலேயே எடுத்துச் செல்லப்பட்ட பொருள்களுள் ஒன்று எனக் கொள்ள இடமுண்டு.

பயின் எம்மரத்தின் பிசின்? குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் பயினி இடம்பெறுகின்றது. இதனை வெள்ளைக் குங்கிலிய மரத்தோடு, அதாவது தாவரவியலார் வட்டேரியா இண்டிகா எனப் பெயரிட்ட மரத்தோடு, இணைத்துக் காண்பது வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வளரும் இம்மரம் மலையாளத்தில் இன்றும் பயின், வெள்ளப்பயின் என்றே வழங்குகின்றது. கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு வெளிக்கொணர்ந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் (1678–1693) நூலிலும் அப்பெயரின் திரிபே காணப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்கள் இதன் பிசினையும் விதைக் கொழுப்பையும் 'பைனி' என்ற அடைமொழியோடு குறித்தன. ஐரோப்பியப் 'பைன்' மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மரத்தின் பெயர் பிசினுக்கு வந்ததா, பிசினின் பெயர் மரத்துக்கு வந்ததா என்பதை முடிவு செய்ய இச்சான்றுகள் போதா. கடற்கரைக்கு வேண்டிய பொருள் மலைக்காட்டிலிருந்து வந்தது என்ற அளவில் உறுதியுண்டு. பட்டையைக் கீறி வடித்த பிசினைச் சூடான எண்ணெயில் கரைத்தால் குழைந்த பொருள் கிடைக்கும். எண்ணெய் மிகுந்தால் இளகும். பிசின் மிகுந்தால் இறுகும். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப அளவை மாற்றிக்கொள்ள இக்கலவை இடம் தருகின்றது. கருங்குங்கிலியப் பிசினும் இவ்வாறே பயன்பட்டது.

பிற்கால வழக்கில் பயின் பின்தங்கிக் கலப்பற்று என்னும் சொல் முன்வந்தது. கலம், பற்று என எளிதில் பிரியும் இதனைத் தூய தமிழ்த் தொடராகக் கொள்ளத் தோன்றும். யூல், பர்னெல் ஆகியோரின் ஹாப்சன்-ஜாப்சன் (1886) வங்காளம் முதலிய மொழிகளின் 'கலாபத்தி' என்ற சொல்லைப் போர்த்துக்கீசியக் 'கலஃபாத்தே'யினின்றும், அதனை அரபுச் சொல்லினின்றும் பிறந்ததாகக் காட்டுகின்றது. அரபு மூலத்தை ஐயுற்று, வெப்பமூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லோடு இணைத்தாரும் உளர். துறைமுக மொழிகள் பலவற்றிலும் ஒரே ஒலியுருவம் காணப்படுவதால், தமிழ் வடிவம் வந்த சொல்லுக்குப் பொருள் விளங்க இட்ட உருவம் என்பதே ஏற்புடைத்து. சொல் வந்ததைக் கொண்டு தொழிலும் அப்போதே வந்தது எனக் கூறுதல் தவறு. பயின் அதற்குத் தடையாக நிற்கின்றது.

ஐரோப்பியரும் இக்கடலுக்கு வந்தபின் இங்குள்ள பொருள்களை மேற்கொண்டனர். எண்ணெயில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து 'கல்கல்' என வழங்கியது. ஜப்பானின் ஹிராடோவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலைத் தலைவராயிருந்த ரிச்சர்ட் காக்ஸ், 1621-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இச்சாந்து இடித்ததைப் பதிந்துள்ளார். வெண்சுண்ணாம்பு அண்டை வீட்டுக் கூத்துக் கலைஞருக்குத் தொல்லை தந்ததால் வேலையை நிறுத்தும்படி நீதி அலுவலரிடமிருந்து ஆணை வந்ததாம். மரக்காப்பு வரலாற்றில் அண்டை வீட்டாரின் முறையீடு இடம்பெறும் அரிய இடம் இது. சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவின் மரபினர், தன்னகத்தே எண்ணெய்ப்பசை கொண்ட தேக்கால் பிரித்தானியக் கடற்படைக்கும் கப்பல் கட்டினர். 1817-இல் அங்கு நீரிலிறங்கித் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கின்றது. இதன் நீண்ட ஆயுளைத் தேக்குக்கு மட்டும் உரியதாக்குவது, தலைமுறைகள் தோறும் இணைப்பை அடைத்தவர்களை மறந்துவிடுவதாகும்.

அவர்களைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு. அபுல் ஃபஸலின் அயினி அக்பரி கப்பற் பணியாளரைப் பன்னிரு வகையினராகப் பிரிக்கின்றது. நாகுதா, மாலிம் முதலியோர் முன்வரிசையில் உள்ளனர். கலப்பற்றுபவனுக்கு அங்குத் தனி இடமில்லை. ஒழுகி உள்வந்த நீரை இறைப்பதற்கென்றே கும்தி என்னும் வகையினர் இருந்தனர். ஆதலால் கலம் ஒழுகும் என்பது எதிர்பார்க்கப்பட்ட ஒன்றே. கடைசி வகையினர் கார்வா எனப்படும் எளிய மாலுமிகள். பாய் விரித்துச் சுருட்டும் அவர்களுள் சிலர் கடலில் மூழ்கி ஓட்டையையும் அடைத்தனர். பரிபாடலில் திசையறி நீகானின் கையிலிருந்த வேலை, அக்பர் காலப் பட்டியலில் இவர்களிடம் இறங்கியிருக்கின்றது.